ரத்தக்குழாய்ச் செல் சர்க்கரையை எரிக்கும் விதமும் அழற்சியும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: "அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இப்போது காலில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. ரத்தக்குழாயின் உள்சுவரில் அழற்சி இருக்கிறது என்கிறார் டாக்டர். அழற்சி என்றால் கிருமியோ காயமோ வேண்டாமா? வெறும் சர்க்கரை எப்படி அழற்சியை உண்டாக்கும்? ரத்தக்குழாய்ச் செல்கள் சர்க்கரையை நம்பித்தான் வாழ்கின்றன என்றும் படித்தேன். உணவே எப்படி நஞ்சாகும்?"

கடைசிக் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. இந்தச் செல்களைப் பல வருடங்கள் தட்டில் வளர்த்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. அந்தச் சர்க்கரையைச் செல் எந்த வேகத்தில், எந்த வழியில் எரிக்கிறது என்பது இன்னொன்று. எல்லோரும் பேசுவது முதலாவதைப் பற்றி. ஆனால் ரத்தச் சர்க்கரை சுத்தமாகச் சரியாக இருப்பவருக்கும் இரண்டாவது வழியாக அழற்சி வரும். அதனால் இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுவதும் ஒரே ஒரு அடுக்குச் செல்கள் தளம் பாவியதுபோல ஒட்டிக் கிடக்கின்றன. பாடப்புத்தகத்தில் எண்டோதீலியம் என்று இருக்கும். நான் உள்சுவர்ச் செல் என்றே எழுதுகிறேன். மிகச் சிறிய தந்துகிகளில் இந்த அடுக்கு சில இடங்களில் அரை மைக்ரான்கூட இருக்காது. ஒரு சிவப்பணுவின் அகலம் 7 முதல் 8 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரொம்ப நாள் இதை வெறும் உறை என்றுதான் நினைத்தார்கள். 1980-ல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஒன்றைக் காட்டினார். உள்சுவர்ச் செல்கள் இருந்தால் அசிட்டைல்கோலின் மருந்துக்குக் குழாய் தளர்கிறது. அந்த அடுக்கைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்வதில்லை. அந்தச் செல்கள் ஏதோ ஒன்றைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு. 1998-ல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நைட்ரிக் ஆக்ஸைடு குழாயைத் தளர்த்துவதோடு நிற்பதில்லை. வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சுவரில் ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இந்தச் செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் வழியை 1973-ல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் உடன் வேலை செய்தவர்களும் சீர்ப்படுத்திக் கொடுத்தார்கள். மூலப்பொருள் தொப்புள்கொடி. பிரசவம் முடிந்ததும் எப்படியும் தூக்கிப்போடுகிற பொருள்தான். கொடியை வெட்டிப் பார்த்தால் மூன்று துளை தெரியும். சிறிதாக, தடித்த சுவரோடு இருக்கும் இரண்டும் தமனி, வாய் அகன்று தளர்ந்திருக்கும் ஒன்று சிரை. சிரைக்குள் குழலைச் செருகி, ரத்தம் போகும்வரை உப்புநீர் விட்டு அலசி, கொலாஜனேஸ் என்ற நொதியை நிரப்பி, இரண்டு பக்கமும் கவ்வி, உடல் சூட்டில் பத்து நிமிஷம் போல வைத்துவிட்டு, மெல்லப் பிசைந்து வடித்தால் உள்சுவர்ச் செல்கள் கழன்று வரும். தட்டில் போட்டு நாலைந்து நாள் விட்டால் கூழாங்கல் பாவிய தரை மாதிரி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரவிவிடும். அவ்வளவு ஒழுங்கு.

வளர்க்கிற திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற நிறமி கலந்திருக்கும். திரவம் சரியாக இருந்தால் இளஞ்சிவப்பு, அமிலமானால் மஞ்சள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரவம் மாற்றிவிட்டுப் போய், திங்கட்கிழமை காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் செல் நெருக்கமாக வளர்ந்த தட்டெல்லாம் மஞ்சளாகி இருக்கும். ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இந்த மஞ்சளைத்தான். ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கிற இடத்தில் ஏன் இவ்வளவு அமிலம்?

காரணம், இந்தச் செல்கள் சர்க்கரையை முழுசாக எரிப்பதில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோய் ஆக்ஸிஜனோடு எரித்தால் ஏறக்குறைய முப்பது ஏடிபி கிடைக்கும். ஏடிபி என்பது செல் செலவழிக்கிற நாணயம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியிலேயே பாதியில் உடைத்து லாக்டிக் அமிலமாக, அதாவது லாக்டேட்டாக வெளியே தள்ளினால் இரண்டுதான். இந்தப் பாதி வழிக்குக் கிளைக்காலிசிஸ் என்று பெயர். உள்சுவர்ச் செல் தன் ஏடிபியில் 85 சதவீதம் போல இந்த வழியிலேயே எடுக்கிறது என்று பெல்ஜியத்தில் லூவன் நகரத்தில் பீட்டர் கார்மெலியட் குழுவினர் 2013-ல் அளந்து சொன்னார்கள். அதே மாதிரி லாபமில்லாத வழியைப் புற்றுநோய்ச் செல்களில் 1920-களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். ஆனால் இங்கே நோய் எதுவும் இல்லை. ஆரோக்கியமான செல்லின் பழக்கமே இது.

ஏன் இப்படி என்பதற்குச் சில நியாயமான விளக்கங்கள் உண்டு. ஆக்ஸிஜனைத் தானே தின்றுவிடாமல் பின்னால் காத்திருக்கும் தசைக்கும் மூளைக்கும் விட்டுக்கொடுக்கலாம். ஆக்ஸிஜனே இல்லாத இடத்துக்குள் புதுக் குழாய் முளைத்துப் போக வேண்டி வந்தாலும் பிழைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் மூன்றாவது. செல் நகரும்போது முன்பக்கம் மெல்லிய விரல்கள் மாதிரி நீட்டும். அவ்வளவு ஒல்லியான இடத்துக்குள் மைட்டோகாண்ட்ரியா நுழையாது. கிளைக்காலிசிஸ் நொதிகள் நுழையும். அவை அங்கேயே ஆக்டின் இழைகளோடு சேர்ந்து நின்று, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் ஏடிபி தருகின்றன. லூவன் குழு இதைப் படமாகவே காட்டியது.

இந்த அடுப்பைத் தணிக்கவும் தூண்டவும் ஒரு திருகு இருக்கிறது. பிஎஃப்கேஎஃப்பி3 என்ற நொதி. பெயர் வாயில் நுழையாது, அதனால் 'திருகு' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். இந்த நொதி கூடினால் கிளைக்காலிசிஸ் வேகம் பிடிக்கும், குறைந்தால் தணியும். அமைதியாக இருக்கிற குழாயில் திருகு தணிந்தே இருக்கும். அப்போது செல் கொழுப்பு அமிலங்களையும் பயன்படுத்தி, தன்னை ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ளும் சரக்கைச் சேர்த்து வைக்கிறது.

சரி, இதற்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்?

அழற்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வீங்கிச் சிவந்த விரல். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற நான்கு அடையாளங்களை ரோமானியரான செல்சஸ் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்தார். அந்த நான்கும் எங்கே தொடங்குகின்றன என்பதை 1867-ல் ஜூலியஸ் கோன்ஹைம் தவளையின் உடலில் நேரடியாகப் பார்த்தார். உயிரோடு இருக்கும் திசுவின் மெல்லிய சவ்வை மைக்ராஸ்கோப்பின் கீழ் விரித்து வைத்தால், வேகமாக ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணுக்கள் சிறு சிரைகளின் சுவரோரம் ஒதுங்கி, ஒட்டி, பிறகு சுவரைத் துளைத்து வெளியே நழுவுவது தெரியும். ஆக, அழற்சி என்பது முதலில் ரத்தக்குழாயின் உள்சுவர் எடுக்கிற ஒரு முடிவு. வெள்ளையணுவை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்தச் சுவர்தான்.

விடுவது என்று தீர்மானித்தால் செல் தன் மேற்பரப்பில் சில கொக்கிகளை நீட்டும். இ-செலக்டின் ஓடுகிற வெள்ளையணுவை உருளவைத்து வேகம் குறைக்கிறது. விகாம்-1, ஐகாம்-1 இரண்டும் அதை நிறுத்திப் பிடிக்கின்றன. இந்தக் கொக்கிகளைச் செய்யச் சொல்லும் உத்தரவு என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்திலிருந்து வருகிறது. 1986-ல் டேவிட் பால்டிமோர் ஆய்வகத்தில் ரஞ்சன் சென் வேறொரு வகைச் செல்லில் கண்டுபிடித்தது. சாதாரண நேரத்தில் அது செல்லுக்குள்ளேயே, கருவுக்கு வெளியே, கட்டிப்போட்டபடி கிடக்கும். டிஎன்எஃப் போன்ற ஓர் அழற்சிச் செய்தி வந்தால் கட்டு அவிழ்ந்து கருவுக்குள் போய் மரபணுக்களை எழுப்பிவிடும்.

தட்டில் இருக்கும் செல்களுக்கு டிஎன்எஃப் துளி விட்டு, நாலைந்து மணி நேரம் கழித்து வெள்ளையணுக்களை மேலே ஊற்றி, மெல்லக் கழுவிவிட்டுப் பாருங்கள். மருந்து விடாத தட்டில் ஓரிரு அணு தங்கியிருக்கும். விட்ட தட்டில் பார்க்கிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு பளபளக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

அதே டிஎன்எஃப் சர்க்கரை அடுப்பையும் தூண்டுகிறது. திருகு கூடுகிறது, சர்க்கரை உள்ளே வரும் வேகம் கூடுகிறது, லாக்டேட் அதிகம் வெளியேறுகிறது. கொக்கி செய்ய, செல்லின் வடிவத்தை மாற்ற, பக்கத்துச் செல்லோடு இருந்த பிணைப்பைத் தளர்த்த எல்லாவற்றுக்கும் ஏடிபி வேண்டும், அதனால் கூடுகிறது என்று இதோடு விட்டுவிடலாம். ஆனால் விஷயம் திருப்பியும் ஓடுகிறது. கிளைக்காலிசிஸைத் தணித்தால் அழற்சியே குறைகிறது. 2016-ல் அதே லூவன் குழு புற்றுக்கட்டி உள்ள எலிகளில் இந்தத் திருகைத் தணித்துப் பார்த்தது. உள்சுவர்ச் செல்களில் என்எஃப்-கப்பா-பி அடங்கியது, கொக்கிகள் குறைந்தன, செல்களுக்கு இடையே இருக்கும் விஇ-கேட்ஹெரின் என்ற பிணைப்பு உறுதிப்பட்டுக் குழாயின் கசிவும் குறைந்தது. புற்றுச் செல்கள் ரத்தத்துக்குள் தப்பிப்போவதும் குறைந்தது. அதற்கும் முன்பே, 2011-ல், வேறொரு பெல்ஜியக் குழு லாக்டேட்டே குற்றவாளிகளில் ஒன்று என்று காட்டியிருந்தது. வெளியிலிருந்து லாக்டேட் உள்சுவர்ச் செல்லுக்குள் நுழைந்தால் என்எஃப்-கப்பா-பி விழிக்கிறது.

ஆக இது சுழல்கிற விவகாரம். அழற்சி அடுப்பைத் தூண்டுகிறது, அடுப்பு அழற்சியை வளர்க்கிறது. கிருமி வந்தபோது இந்தச் சுழற்சி வேண்டும். கிருமி போனதும் அணைய வேண்டும். அணையாமல் கனன்றுகொண்டே இருந்தால் வருவதுதான் உங்கள் டாக்டர் சொல்கிற அழற்சி. வலிக்காது, சிவக்காது, வெளியே எதுவும் தெரியாது.

இது ஏன் உடலெங்கும் சமமாக வருவதில்லை என்று நீங்கள் யோசிக்கலாம். தமனியில் கொழுப்பு படிவது எப்போதும் சில குறிப்பிட்ட இடங்களில்தான். கழுத்தில் தமனி இரண்டாகக் கிளைக்கும் இடம், பெருந்தமனி வளைவின் உட்பக்கம், இதயத் தமனிகள் பிரியும் முனைகள், கால்களுக்கு ரத்தம் பிரியும் முனைகள். நேரான நீளமான பகுதிகள் பெரும்பாலும் தப்பிவிடும். ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரையும் கொழுப்பும் எல்லா இடத்துக்கும் ஒன்றே. ஓட்டம் மட்டும்தான் வேறு. நேரான பகுதியில் ரத்தம் ஒரே திசையில் சீராக உரசிக்கொண்டு போகிறது. வளைவிலும் கிளையிலும் தயங்கி, திரும்பி, முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆற்று வளைவில் வண்டல் தங்குவதை வைத்து, கொழுப்பும் அப்படித்தான் தங்குகிறது என்று சிலர் விளக்குவார்கள். அது போதாது. செல் அந்த உரசலை உணர்கிறது, உணர்ந்து தன் அடுப்பையே மாற்றிக்கொள்கிறது.

சீரான உரசல் கிடைத்தால் கேஎல்எஃப்2 என்ற புரதம் செல்லுக்குள் கூடுகிறது. இது அழற்சியை அடக்குகிறது, நைட்ரிக் ஆக்ஸைடு செய்யும் நொதியைக் கூட்டுகிறது. இதே கேஎல்எஃப்2 நம் திருகையும் தணிக்கிறது என்று 2015-ல் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாறாக, ஓட்டம் தடுமாறும் இடத்தில் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதம் விழித்திருக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் விழிக்க வேண்டிய புரதம் அது. அந்த ஆக்ஸிஜன் உணர்வு பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 2019-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். தமனிக்குள் ஆக்ஸிஜனுக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் தடுமாறும் ஓட்டமே அதை எழுப்பிவிடுகிறது. எழுந்ததும் சர்க்கரை அடுப்பு ஏறுகிறது, அழற்சியும் ஏறுகிறது. 2017-ல் வெளியான ஆய்வுகளில் மனிதச் செல்களிலும், பன்றியின் தமனியில் ஓட்டம் தடுமாறும் இடங்களிலும் இதைப் பார்த்தார்கள்.

அதாவது ரத்தச் சர்க்கரை கச்சிதமாக இருப்பவரின் கழுத்துத் தமனிக் கிளையிலும் சின்னதாக ஓர் அடுப்பு கூடுதலாக எரிந்துகொண்டிருக்கிறது. அதோடு ஒருவர் பல வருடம் காலம் தள்ளலாம். அப்பாவின் விஷயத்தில், அந்த அடுப்புக்கு மேல் சர்க்கரை வெள்ளமும் சேர்ந்துகொண்டது.

இப்போது உங்கள் அசல் கேள்விக்கு வருகிறேன். தசைச் செல்லுக்குள் சர்க்கரை நுழைய இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும். உள்சுவர்ச் செல்லுக்கு அந்தக் கதவே கிடையாது. குளூட்-1 என்ற வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். வெளியே சர்க்கரை கூடினால் பல செல்கள் வாசலைச் சுருக்கிக்கொள்ளும், குழாயின் நடு அடுக்கில் இருக்கும் தசைச் செல்கள்கூட அப்படிச் செய்யும். உள்சுவர்ச் செல் சுருக்கிக்கொள்வதில்லை. ரத்தத்தில் 100 மில்லிகிராம் இருந்தால் அதற்கேற்ப, 300 இருந்தால் அதற்கேற்ப உள்ளே ஏறிவிடும். உணவே நஞ்சாவது இந்த இடத்தில்தான். தேவை கூடாதபோதும் வரத்து கூடுகிறது.

அளவுக்கு மேல் வந்த சர்க்கரை கிளைக்காலிசிஸ் பாதையின் நடுவில் நெரிசலை உண்டாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்ஸைடு என்ற வினைத்துடிப்பான ஆக்ஸிஜன் கூடி, பாதையின் நடுவே இருக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. அதற்கு மேலே தேங்கிய சரக்கு பக்கவழிகளில் பாய்கிறது. இந்தச் சித்திரத்தை 2001-ல் மைக்கேல் பிரௌன்லீ முன்வைத்தார். நான்கு பக்கவழிகளைச் சொன்னார். ஒன்று சர்க்கரையைச் சார்பிட்டாலாக மாற்றி, செல்லின் ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புச் சரக்கைத் தின்கிறது. ஒன்று பிகேசி என்ற நொதியைத் தூண்டிவிடுகிறது. ஒன்று, நைட்ரிக் ஆக்ஸைடு செய்யும் நொதியின் மேலேயே ஒரு சர்க்கரைத் துணுக்கை ஒட்டி அதை மந்தமாக்குகிறது. நைட்ரிக் ஆக்ஸைடு குறைந்தால் குழாய் தளராது, வெள்ளையணு ஒட்டாமல் பார்ப்பதற்கும் ஆள் இல்லை.

நான்காவதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தேங்கிய சரக்கிலிருந்து மெத்தில்கிளையாக்ஸல் என்ற சிறு மூலக்கூறு பிறக்கிறது. குளுக்கோஸைவிட இது புரதங்களில் பல மடங்கு வேகமாக ஒட்டும். செல்லுக்குள் இருக்கும் புரதங்களையே கெடுத்து, எந்த மரபணு விழிக்க வேண்டும் என்ற கணக்கை மாற்றுகிறது. அதன் விளைவாகச் செல் டிஎன்எஃப்-க்குத் தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. சாதாரணச் செல் கண்டுகொள்ளாத அளவு டிஎன்எஃப்-க்கும் விகாமும் ஐகாமும் நீட்டுகிறது. உங்கள் 'கிருமியோ காயமோ வேண்டாமா' என்ற கேள்விக்கு நேரான பதில் இது. அழற்சிச் செய்தி எல்லோருடைய ரத்தத்திலும் துளித்துளியாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சர்க்கரை அந்தத் துளிக்கே பெரிய சத்தம் போடவைக்கிறது.

சர்க்கரை புரதத்தில் ஒட்டுவது உங்களுக்குப் புதிதல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவுக்கு எடுக்கிற ஹெச்பிஏ1சி டெஸ்ட் அதைத்தான் அளக்கிறது. ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. நீரிழிவு உள்ளவர்களிடம் அந்த வித்தியாசமான ஹீமோகுளோபின் கூடியிருப்பதை 1960-களின் கடைசியில் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் கண்டார். சிவப்பணுவில் நடப்பதைப் போன்ற ஒன்று குழாய்ச் சுவரின் புரதங்களிலும் நடக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், சிவப்பணு 120 நாளில் போய்விடும். சுவரில் இருக்கும் கொலாஜன் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒட்டினது ஒட்டினதுதான். அப்படி ஒட்டிக் கெட்ட புரதங்களை அடையாளம் காண உள்சுவர்ச் செல்லில் ரேஜ் என்ற ஏற்பி இருக்கிறது, அது தூண்டுவதும் அதே என்எஃப்-கப்பா-பியைத்தான்.

இதெல்லாம் தட்டிலும் எலியிலும் நடப்பதுதானே என்று நீங்கள் கேட்டால், மனிதர்களில் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். உள்சுவர்ச் செல்லுக்கு மேல், ரத்தம் படும் பக்கம், சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் சேர்ந்த வழுவழுப்பான பூச்சு ஒன்று இருக்கிறது. கிளைக்கோகேலிக்ஸ் என்பார்கள். கொக்கிகள் அதற்குள் புதைந்து கிடப்பதால் வெள்ளையணுவுக்கு எட்டாது. 2006-ல் ஆம்ஸ்டர்டாமில் ஆரோக்கியமான பத்து ஆண்களுக்கு, நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, ஆறு மணி நேரம் ரத்தச் சர்க்கரையை 270 மில்லிகிராம் அளவில் நிறுத்தி வைத்தார்கள். பூச்சின் மொத்தக் கொள்ளளவு 1.7 லிட்டரிலிருந்து 0.8 லிட்டருக்கு இறங்கியது. நோயே இல்லாதவர்களுக்கு ஆறே மணி நேரத்தில் பாதி. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு 'இன்னிக்கு ஒரு நாள்தானே' என்று மாத்திரையைத் தவிர்ப்பவர்களிடம் நான் சொல்வது இந்த ஒரு சோதனையைத்தான்.

தட்டில் நாங்கள் செய்யும் சோதனையில் சாதாரண அளவுக்கு 5.5 மில்லிமோலார் குளுக்கோஸ், அதாவது 100 மில்லிகிராம் வைப்போம். அதிக அளவுக்கு 25, அதாவது 450 மில்லிகிராம். அந்தக் காலத்தில் ஒருமுறை, அதே கெட்டியில் வேறொரு பொருளான மேனிட்டாலை மூன்றாவது தட்டில் வைக்க மறந்து, வந்த மாற்றமெல்லாம் சர்க்கரையால் என்று எழுதிவிட்டேன். திரவம் கெட்டியானாலே செல் சுருங்கும், அதுவும் அழற்சி மாதிரி தெரியும். மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'சர்க்கரை செல்லைக் கொல்கிறது' என்று தலைப்பு பார்த்தால் அந்த மூன்றாவது தட்டு இருந்ததா, வைத்த அளவு மனித ரத்தத்தில் வருகிற அளவா என்று பாருங்கள். தேறாதவை நிறைய.

அடுத்தது நினைவு. சர்க்கரையைக் குறைத்ததும் அழற்சி அடங்கிவிடுமா? உடனே அடங்காது. 2008-ல் மெல்போர்னில் அஸாம் எல்-ஓஸ்டா குழு பெருந்தமனியின் உள்சுவர்ச் செல்களை 16 மணி நேரம் மட்டும் அதிகச் சர்க்கரையில் வைத்துவிட்டு, பிறகு ஆறு நாள் சாதாரண அளவில் வைத்தது. என்எஃப்-கப்பா-பியின் ஒரு பகுதியான பி65-ஐச் செய்கிற மரபணுவின் வாசலில், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் ஒரு குறி விழுந்திருந்தது. ஆறு நாளுக்குப் பிறகும் அந்தக் குறி போகவில்லை, மரபணு கூடுதலாகவே வேலை செய்தது. சர்க்கரை போய்விட்டது, செல் மறக்கவில்லை.

மனிதர்களில் இதன் நிழல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். இவர்களின் ஹெச்பிஏ1சி 7 பக்கம், மற்றவர்களுக்கு 9 பக்கம். சோதனை முடிந்ததும் எல்லோரையும் ஒரே மாதிரி கவனித்ததில் இரண்டு பக்கமும் 8-க்கு அருகில் வந்து ஒன்றாகிவிட்டது. ஆனால் அந்தப் பழைய வித்தியாசம் அழியவில்லை. 2005-ல் வெளியான கணக்கில், முதலில் இறுக்கமாக வைத்திருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் 42 சதவீதம் குறைவு. ஆரம்ப வருடங்களில் கட்டுப்பாட்டில் இருந்ததன் பலன் அது.

இதன் மறுபக்கமும் முக்கியம். நீண்ட காலம் சர்க்கரை இருந்தவர்களுக்குத் திடீரென்று எண்ணை அழுத்திக் கீழே இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கார்டு என்ற பெரிய சோதனையில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 10,251 பேர் இருந்தார்கள். ஹெச்பிஏ1சி-யை 6-க்குக் கீழ் கொண்டுவர முயன்ற பக்கத்தில் இறப்பு அதிகமானதால் 2008-ல் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். அப்பாவுக்கு எந்த எண் சரி என்பதை அவரை அறிந்த டாக்டர் சொல்ல வேண்டும். இணையத்தில் படித்த எண்ணை வைத்து நீங்களாக மாத்திரையைக் கூட்ட வேண்டாம்.

அழற்சியை மட்டும் நேராக அடக்கினால்? 2017-ல் வெளிவந்த கேண்டோஸ் சோதனையில் மாரடைப்பு வந்த 10,061 பேரைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெற்று ஊசியும் மற்றவர்களுக்கு இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிச் செய்தியைத் தடுக்கும் ஊசியும் போட்டார்கள். கொழுப்பு குறையவில்லை, ஆனால் நடு அளவு மருந்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு மூன்றும் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தது. அழற்சி உண்மையிலேயே இந்த நோய்களுக்குக் காரணமாகிறது என்பதற்கு இது நேரான சான்று. அதே சோதனையில் உயிர்போகும் தொற்றுகள் கூடின. அழற்சியை ஒரேயடியாக அணைத்தால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரிதான். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்தான கால்ச்சிசினும் இதய நோயாளிகளில் பலன் காட்டி, 2023-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி பெற்றது.

நம் திருகைத் தணிக்கும் 3பிஓ போன்ற பொருட்கள் இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. அளவு மிகவும் கூடினால் எலிகளின் புற்றுக்கட்டியில் குழாயே பிய்ந்துபோகிறது. 85 சதவீத ஏடிபி வருகிற வழியை முழுசாக அடைத்தால் வேறென்ன நடக்கும்? அடுப்பை அணைப்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, கொதிநிலையிலிருந்து இறக்குவதைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். அதனால் 'செல்லுக்குச் சர்க்கரையே போகாமல் பட்டினி போடுங்கள்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வாய் சோறு சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரை செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அரிசியைக் குறைப்பது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் உச்சத்தைக் குறைக்கத்தான், அதற்கு அது நிச்சயம் உதவும்.

அப்பாவுக்கு இன்று எட்டுகிற இடத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று, அவர் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறதே, எதற்கு என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டாட்டின் உள்சுவர்ச் செல்லில் அந்தக் கேஎல்எஃப்2-வையும் கூட்டுகிறது என்று செல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று நடை. நடக்கும்போது கால் தமனிகளில் ஓட்டம் கூடி, சுவரில் சீரான உரசல் கிடைக்கிறது. மேலே சொன்ன கேஎல்எஃப்2 கூடுவதற்கு உடலுக்குத் தெரிந்த வழி அந்த உரசல்தான். கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்குக் கெண்டைக்கால் வலிக்க ஆரம்பிக்கும்வரை நடந்து, நின்று வலி போனதும் மறுபடி நடக்கும் பயிற்சி, ஒரு சிகிச்சையாகவே நிரூபணமானது. அதற்கு முன் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் ஏபிஐ டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். கால் உணர்ச்சியையும் சோதிக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் பாதத்தில் மரத்துப்போயிருந்தால் செருப்பு கடித்த புண்கூட அவருக்குத் தெரியாது. வெறுங்காலில் நடக்கவிட வேண்டாம். தினமும் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள்.